உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "பெரிய தள்ளுபடி விற்பனைகளுக்குப் போவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது, எனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் பழைய துணிக் கடையில்தான் எடுக்கிறேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிலர் வழி கேட்டிருக்கிறார்கள். சிலர் கோபித்திருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் பக்கம் முழுவதும் அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருபத்தேழு வருஷம் ஆல்டரேஷன் வேலை பார்த்தவள். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலுக்கு இழை ஓட்டுவது, இதுதான் என் தொழில். துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டே பார்த்துப் பழகிய கண் எனக்கு.

கேள்வி: பாதி விலைக்குப் புதுசே கிடைக்கிறது. அப்புறம் எதற்கு அடுத்தவர் போட்ட பழசு? கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதானே அக்கா?
(வங்கியில் வேலை பார்க்கும் வாசகர்)

பாதி விலை என்றால் எதில் பாதி தம்பி? அட்டையில் கோடு போட்டு அடித்த அந்தப் பழைய விலைக்கு அந்தச் சட்டை எத்தனை நாள் விற்றது, யாராவது அந்த விலை கொடுத்து வாங்கினார்களா என்று நமக்குத் தெரியாது. இது என் சந்தேகம் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாளில் அந்தப் பொருளுக்கு வைத்திருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். விற்பனைக்கு முன்னால் விலையை ஏற்றிவைத்து, பிறகு இறக்கிக் காட்டுகிற பழக்கத்தைத் தடுக்கத்தான் அந்த விதி வந்தது.

நம் மனசும் நமக்கு எதிராக வேலை செய்யும். முதலில் கண்ணில் பட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த எண் பெரிசா சின்னதா என்று மனிதர்கள் முடிவு செய்கிறார்கள் என்று ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதினார்கள். அடித்த விலையை அட்டையில் அப்படியே விட்டுவைப்பதற்குக் காரணம் அதுதான். அதைப் பார்த்த பிறகு நாம் சட்டையைப் பார்ப்பதில்லை, மிச்சமாகும் பணத்தைப் பார்க்கிறோம். நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வாங்காமல் இருந்தால் மிச்சமாவது முழுத் தொகை.

நான் கடைசியாகப் போன தள்ளுபடி விற்பனையைச் சொல்கிறேன். பெரிய கடை. கூட்டம் தோளை இடிக்கிறது, ஒலிபெருக்கியில் இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நீல நிற டீ-ஷர்ட் மூன்று எடுத்தேன். உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை. தினமும் அதே வேலை செய்கிற நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. இரண்டாவது சலவையில் பக்கத் தையல் விலாவை விட்டு நகர்ந்து வயிற்றுக்கு வந்துவிட்டது. மூன்றுக்கும் அதே கதி. பின்னல் துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தாலும், துணியைக் கோணலாகப் போட்டு வெட்டியிருந்தாலும் இப்படித் திருகிக்கொள்ளும். இஸ்திரி மடிப்பில் இருக்கும்வரை தெரியாது. தண்ணீர் பட்டால்தான் தெரியும். கொண்டுபோய்க் காட்டினேன். தள்ளுபடிச் சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதே டீ-ஷர்ட் ஒரு பழைய துணிக் கடையில் தொங்கியிருந்தால், தையல் திருகியிருப்பது தூரத்திலிருந்தே என் கண்ணில் பட்டிருக்கும். சுருங்க வேண்டியது சுருங்கி, வெளுக்க வேண்டியது வெளுத்து, பிரிய வேண்டிய தையல் பிரிந்து, அதன் குணமெல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. அத்தனைக்கும் பிறகும் ஒரு துணி நன்றாக இருந்தால் அதை நம்பி வாங்கலாம். நான் பழசுக்கு மாறிய காரணம் இதுதான். சிக்கனம் பிறகு வந்தது.

கேள்வி: நானும் ஒருமுறை போனேன். மலைபோலத் துணி. எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. வெறும் கையோடு திரும்பிவிட்டேன். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?
(பள்ளி ஆசிரியை)

வெறும் கையோடு திரும்பியது தோல்வி இல்லை அம்மா. நான் மூன்று தடவை போனால் இரண்டு தடவை அப்படித்தான் வருகிறேன்.

முதலில் கண்ணை விட்டுவிட்டுக் கையால் பாருங்கள். கம்பியில் தொங்குகிற வரிசையில் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள். கம்பளி, லினன், நல்ல பருத்தி மூன்றும் கைக்குத் தனியாகத் தெரியும். கண்ணுக்குப் பிடித்த நிறம் கையை ஏமாற்றிவிடும், அதனால்தான் சொல்கிறேன். விரல் நிற்கிற இடத்தில் மட்டும் துணியை வெளியே எடுங்கள். எடுத்ததும் உள்பக்கம் திருப்புங்கள்.

உள்மடிப்பு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தைத்தவர் தாராளமாகத் துணி விட்டிருந்தால், அதை நாளைக்குப் பிரித்துப் பெரிசாக்கலாம். நூல் பிரியாமல் ஓரம் கட்டுகிற ஓவர்லாக் தையல் ஓட்டிய கையோடு மிச்சத் துணியைக் கத்தரித்துவிட்டிருந்தால் பிரிக்க வழியே கிடையாது. கட்டம் போட்ட சட்டை என்றால் பையின் கட்டமும் மார்புக் கட்டமும் ஒன்றோடு ஒன்று சேருகிறதா? சேர்ந்தால் வெட்டியவர் அவசரப்படவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருக்க மாட்டார்.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். அந்துப்பூச்சி தின்ற ஓட்டை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், மேசையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் நட்சத்திரம் மாதிரி தெரியும். பேன்ட்டில் தொடை உரசும் இடம், சட்டையில் காலர் மடியும் விளிம்பு, முழங்கை. இந்த மூன்றும்தான் முதலில் நைந்துபோகும். அக்குளைப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜிப்பை மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். எலாஸ்டிக்கைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் காய்ந்துவிட்டது.

இதில் எது தீரும், எது தீராது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பட்டன் இல்லாதது, ஓரத்தையல் விட்டது, கையோ காலோ நீளமாக இருப்பது, ஸ்வெட்டரில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டிருப்பது, இதெல்லாம் ஒரு மாலைப்பொழுது வேலை. ஜிப் மாற்றக் கூலி ஆகும், ஆனால் தீரும். தீராதவை: மஞ்சளாக ஊறிப்போன அக்குள் கறை, பிளீச் பட்ட இடம், வெளிச்சம் ஊடுருவும் அளவு மெலிந்த துணி, திருகிய தையல். செயற்கைத் தோல் ஜாக்கெட் உரிய ஆரம்பித்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது உரிந்துகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது.

தோள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்டில் இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை ஏற்றலாம். தோள் மட்டும் சரியாக உட்காராவிட்டால் எடுக்காதீர்கள். லைனிங் வைத்த கோட்டின் தோளை மாற்றுவது என்றால் அதை முழுசாகப் பிரித்து மறுபடியும் கட்டுவது. என் தொழிலில் நானே அந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது நான் போட்டிருக்கிற சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு பழைய துணிக் கடையில் கிடைத்தது. அதன் வலது முழங்கையில் யாரோ இழை ஓட்டியிருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தின் அளவு. முதலில் நெடுக்குவாட்டில் நூல் போட்டு, பிறகு குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நூல் ஒரு சாயல் கறுப்புக் கூடுதல், அதனால்தான் கண்ணில் படுகிறது. நான் அசந்து நின்றது எதைப் பார்த்துத் தெரியுமா? அவர் ஓட்டையின் விளிம்பில் ஆரம்பிக்கவில்லை. சுற்றிலும் அரை விரல்கடை தள்ளி, உறுதியான துணியில் ஊசியை இறக்கியிருக்கிறார். ஒவ்வொரு வரிசை திரும்பும் இடத்திலும் நூலை இழுத்துவிடாமல் ஒரு குட்டி வளையம் விட்டிருக்கிறார். துவைத்தால் நூல் சுருங்கும், அப்போது சுற்றியுள்ள துணியை இழுத்துச் சுருக்கிவிடக் கூடாதே என்பதற்காக. யாரும் பார்க்காத இடத்தில் அந்த வளையங்கள் இருக்கின்றன. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த தொழில்காரரின் கை. கோட்டை எடுக்க அதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

லேபிள் இல்லாத துணி என்றால், வாங்கி வந்த பிறகு உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் வாசனை. பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். எதைச் சூடான தண்ணீரில் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

கேள்வி: அளவு எண்ணைப் பார்த்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் பொருந்தவில்லை.
(பெயர் குறிப்பிடாத வாசகி)

எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் அளவு இன்னொன்றுக்கு ஒத்துவராது, அதே நிறுவனத்திலும் வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் அளந்து கைப்பையில் எழுதி வையுங்கள். டேப்பும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: யார் போட்டதோ, என்ன வியாதியோ, பூச்சியோ? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. என் தோழி ஆசையாக ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள். இன்னும் பையிலேயே இருக்கிறது.
(இல்லத்தரசி ஒருவர்)

கூச்சம் இயல்பானது, நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுத் துணிக் கடையின் உடை மாற்றும் அறையில் நீங்கள் போட்டுப் பார்ப்பதையும் உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுருங்காத துணி என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சேர்ந்த பிசின் ஏற்றியிருப்பார்கள். சிலருக்குத் தோல் அரிப்பது அதனால்தான். பலமுறை துவைத்த துணியில் அது வெகுவாகக் குறைந்திருக்கும்.

பூச்சிக்கு வழி இருக்கிறது. வாங்கியதை மற்ற துணிகளோடு சேர்க்காமல் பையை இறுகக் கட்டி நேராகத் துவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். பருத்தி என்றால் 60 பாகை செல்சியஸ் தண்ணீர். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அந்தச் சூட்டில் மிஞ்சாது. உங்களிடம் இருப்பது ஸ்வெட்டர், கம்பளியாக இருந்தால் அந்தச் சூடு ஆகாது, சிறுபிள்ளைச் சட்டையாகச் சுருங்கிவிடும். அதை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சிக்கு அது போதும். அப்புறம் ஆறின தண்ணீரில், மென்மையான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, படுக்கப்போட்டு உலர்த்துங்கள். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். அந்துருண்டை வாசனை இருந்தால் வாசனைத் திரவியம் அடித்து மூடப் பார்க்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் நாலைந்து நாள் விட்டால் தானாகப் போகும்.

உள்ளாடை, காலுறை, நீச்சல் உடை, இவற்றை நானும் பழசாக வாங்குவதில்லை. தோழி தந்த ஸ்வெட்டரை இன்றைக்கே உறைநிலைத் தட்டில் வைத்துவிடுங்கள். அவளுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கிறேன். தள்ளுபடி நாட்களில் வரும் ஊக்கத்தொகையில்தான் என் பிள்ளைகளின் கட்டணம் கட்டுகிறேன். எல்லாரும் உங்கள் பேச்சைக் கேட்டால் எங்கள் வயிற்றில் அடிப்பது போல் ஆகாதா?
(உங்கள் வாசகி, கொஞ்சம் கோபத்துடன்)

உங்கள் கோபம் நியாயம் தங்கச்சி. நானும் அப்படி ஒரு கடையின் பின்அறையில்தான் மெஷின் மிதித்தேன். தள்ளுபடி நாட்களில் ராத்திரி பதினொன்றுக்கு மேலும் உட்கார்ந்து பேன்ட் மடித்துத் தைத்திருக்கிறேன், காலையில் நிற்க முடியாமல் கால் வீங்கியிருக்கும். அதனால் உங்களுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டே போகும்போது அந்தக் குறைவு யாரிடமிருந்தாவது பிடுங்கப்படுகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில், டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு கட்டடத்தைக் காலி செய்தார்கள். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள், சரக்கு அனுப்ப நேரமாகிவிட்டது என்று. 1,134 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குப் பெடலில் கால் வைக்கவே முடியவில்லை. அவர்கள் தைத்ததைத்தான் நாங்கள் அளவு குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் புதுத் துணியே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு நானும் புதுசாக எடுக்கிறேன். தள்ளுபடி இல்லாத சாதாரண நாளில், கூட்டமில்லாத நேரத்தில் போய், அங்கே நிற்கிற உங்களைப் போன்ற ஒருவரிடம் துணியைப் பற்றிக் கேட்டு, முழு விலை கொடுத்து எடுக்கிறேன். உங்கள் சம்பளம் ஊக்கத்தொகையை நம்பி இருக்கக் கூடாது, அது நிலையான சம்பளமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன். பழைய துணியிலும் வேலை இருக்கிறது: பிரிக்க, துவைக்க, பழுது பார்க்க, விற்க. அதில் உங்கள் அனுபவத்துக்கு இடம் உண்டு. ஆனால் நாளைக்கே அங்கே போய்விடுங்கள் என்று சொல்லி உங்கள் கவலையை நான் சின்னதாக்க மாட்டேன்.

கேள்வி: அக்கா, நான் உங்கள் கட்சி! இந்த வருஷம் மட்டும் பழைய துணிக் கடையில் 41 உருப்படி எடுத்திருக்கிறேன். அலமாரி மூட முடியவில்லை!
(கல்லூரி மாணவர்)

தம்பி, நீ கடையைத்தான் மாற்றியிருக்கிறாய், பழக்கத்தை மாற்றவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்குப் பயிரிலிருந்து ஆலைவரை ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். பழசை எடுக்கும்போது அந்தத் தண்ணீர் இரண்டாம் முறை செலவாவதில்லை, அது உண்மை. ஆனால் அது எப்போது உண்மை? நீ இன்னொரு புதுசு வாங்குவதற்குப் பதிலாக அதை எடுத்தால். மலிவாக இருக்கிறதே என்று கூடுதலாக எடுத்தால், அந்தத் துணி தேவைப்பட்ட ஒருவருக்குக் கிடைக்காமல் உன் அலமாரியில் கிடக்கிறது. பெரிய உடம்புக்காரர்களுக்கும், வேலை நேர்காணலுக்கு ஒரே ஒரு நல்ல சட்டை தேடி வருகிறவர்களுக்கும் அந்தக் கடைகளில் கிடைப்பதே குறைவு. அதை நினைத்துப் பார்.

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எது கிழிந்ததோ அதை அதில் எழுதுவேன். இப்போது இரண்டே வரிதான் இருக்கிறது: கறுப்பு பேன்ட், மழைக்கோட்டு. மழைக்கோட்டு அந்த நோட்டில் ஏறி எட்டு மாசம் ஆகிறது. நல்லதாகக் கிடைக்கிறவரை குடை போதும். உன் 41-இல் இந்த வருஷம் மூன்று தடவைக்கு மேல் போட்டது எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது. மற்றதைத் துவைத்து, மடித்து, வாங்கின இடத்திலேயே கொண்டுபோய்க் கொடு.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பழைய உடை போடலாமா?
(புதுத் தாய்)

தாராளமாக. குழந்தை வளர்கிற வேகத்தில் ஒரு உடையைப் பத்துத் தடவை போட்டாலே அதிகம், அதனால் கிடைப்பதெல்லாம் புதுசு போலவே இருக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்றும் இருக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். பழைய சட்டைகளில் கழுத்திலோ தலைமூடியிலோ இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் அதை உருவி எறிந்துவிடுங்கள். சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் அந்தக் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் அதை எச்சரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த உடைகளில் குறைந்துவிட்டாலும், அதற்கு முந்தைய உடைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டன்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் சட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கொடுத்துவிடு என்கிறாள் மகள். கொடுத்தால் எங்கே போகும், யார் போடுவார்கள், குப்பையில் போட்டுவிடுவார்களா? அதை நினைத்தால் கை வரவில்லை.
(65 வயது வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் இதற்கு உட்கார்ந்தேன்.

எங்கே போகும் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். சேகரிப்புப் பெட்டியில் போட்டால் அது வெகுதூரம் போகக்கூடும். தரம் பிரித்து, பொதி பொதியாக அழுத்திக் கட்டி, கப்பல் ஏற்றுகிறார்கள். கென்யாவில் அந்தப் பொதித் துணிக்கு மிதும்பா என்று பெயர். கானாவின் அக்ரா நகரில் காண்டமாண்டோ என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. 2025 ஜனவரி முதல் தேதி இரவு அங்கே தீப்பிடித்து ஆயிரக்கணக்கானவர்களின் கடைகள் போயின. அங்கே தையல்காரர்கள் பொதியைப் பிரித்து, வெட்டி, சாயமேற்றி, புது உடையாக்குகிறார்கள். நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் பொதியில் வருவதில் ஒரு பங்கு போடவே முடியாத குப்பை. கிழிந்த, கறைபட்ட, மட்டமான துணியை அள்ளிக் கொட்டுகிறவர்கள் அந்தச் சுமையைத்தான் அனுப்புகிறார்கள். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் அப்படி வந்த துணிகள் மணலில் குவிந்து கிடக்கின்றன. இந்தியாவின் பானிபட்டில் பழைய கம்பளி உடைகளை நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாகக் கிழித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கும் போர்வைகளில் பல அங்கேதான் பிறக்கின்றன.

இதையெல்லாம் உங்களைக் கலங்கவைக்கச் சொல்லவில்லை. பெட்டியில் போடாமல் கையில் கொடுங்கள் என்று சொல்லத்தான். பக்கத்தில் நடந்து போகிற தூரத்தில் பழைய துணி விற்கிற கடையோ, துணி வாங்கிக்கொள்கிற விடுதியோ இருந்தால், முதலில் வெறும் கையோடு போய்ப் பாருங்கள். என்ன எடுத்துக்கொள்வார்கள், என்ன வேண்டாம் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு சட்டை கொண்டுபோங்கள். மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி போங்கள். ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்கு நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

என் அப்பாவின் சட்டைகளை நான் இப்படித்தான் கொடுத்தேன். ஆறு மாசம் பிடித்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் துவைத்து, தளர்ந்த பட்டன்களை இறுக்கித் தைத்தேன். யாரோ ஒருவர் அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார், அப்போது சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

துவைப்பதற்கு முன்னால் பைகளில் கைவிட்டுப் பாருங்கள் அம்மா. மேல் பை, பேன்ட்டின் சின்னப் பை, கோட்டின் உள்பை, எல்லாவற்றிலும். என் அப்பாவின் பழுப்புச் சட்டையில், கண்ணாடி துடைக்க அவர் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுத் துணி இருந்தது. சட்டையைக் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டேன்.